நிலத்தில் நின்ற கப்பல்

1942 அக்டோபர் முதல் தேதி, பிரிட்டிஷ் அரசக் கடற்படை கோயமுத்தூரை அடுத்த பீளமேட்டில் ஒரு கப்பலைப் பணியில் அமர்த்தியது. பெயர் எச்.எம்.எஸ். கருடா. கடலோ பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கிடந்தது. பக்கத்தில் இருந்த நீர் என்று பார்த்தால் நொய்யலும் அதன் குளங்களும்தான். அவற்றில் பரிசல் விடலாம். கரையில் அமைக்கும் நிலையங்களுக்கும் கப்பல் பெயரே வைப்பது அந்தக் கடற்படையின் வழக்கம். அங்கே வேலை பார்ப்பவர் ஏட்டில் கப்பலில் இருப்பார். ஒப்பணக்கார வீதிக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தால் கரைக்குப் போய் வந்ததாகக் கணக்கு. பீளமேட்டுக் கப்பலின் வேலை, விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்த விமானங்களைப் பிரித்துப் பழுது நீக்கி மறுபடி பறக்க விடுவது. 1945 பிப்ரவரியில் சூலூரில் வைரி என்று இன்னொரு கப்பலும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் 1946 ஏப்ரலில் கலைத்தார்கள்.

1942-ன் முதல் பாதியை நினைத்துக்கொண்டால் இந்த வினோதம் புரியும். பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8 ரங்கூன். ஏப்ரல் 5 கொழும்பிலும் 9 திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. பிரிட்டனின் கீழைக் கடற்படை கென்யாவின் கிலிண்டினித் துறைமுகத்துக்குப் பின்வாங்கியது. சென்னையிலிருந்து குடும்பங்களும் அரசு அலுவலகங்களும் மூட்டை கட்டி உள்நாட்டுக்கு ஓடின. விமானத்தைப் பழுது பார்க்க ஓர் ஊர் தேவை. எதிரி விமானம் எட்டக் கூடாது, கொச்சித் துறைமுகத்துக்கு ரயில் வேண்டும், மின்சாரம் வேண்டும், லேத்து ஓட்டத் தெரிந்த கைகள் வேண்டும். இந்த நாலும் பொருந்துகிற ஊர்கள் தென்னகத்தில் அப்போது அதிகம் இல்லை.

கோயமுத்தூர் தன் கதையைத் தானே சொல்லிக்கொள்ளும்போது இந்தக் கப்பல் வருவதில்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில், கரிசல் காட்டுப் பருத்தி, கணவாய்க் காற்றின் ஈரப்பதம், 1932-ல் பைக்காரா மின்சாரம், ஜி.டி. நாயுடு, சிறுவாணித் தண்ணி, உழைப்பாளி ஜனம் என்று கதை நேராக ஓடி மோட்டார் பம்புக்கு வந்து சேரும். எல்லாம் உண்மைதான். 1939-க்கும் 1945-க்கும் நடுவே ஆறு வருஷம் அதில் எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. இந்த ஊர் அந்தப் போரில் தோற்கவில்லை, ஜெயிக்கவும் இல்லை. போரின் ஒர்க்ஷாப்பாக இருந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்ளும் வகை நமக்குப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன்.

தொழில் வளர்ந்த நாடுகள் அந்தப் போரை நடத்திய விதம் உலகம் அறிந்தது. டெட்ராய்ட் அருகே வில்லோ ரன்னில் ஃபோர்டு கம்பெனி 1944-ல் ஏறத்தாழ மணிக்கு ஒன்று என்ற கணக்கில் குண்டுவீச்சு விமானம் செய்து தள்ளியது. சோவியத் யூனியன் 1941-ன் பின்பாதியில் 1,500-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலேற்றி யூரல் மலைப் பக்கம் கொண்டுபோய்ப் பூட்டியது. பிரிட்டன் போர் அறிவித்த அன்றைக்கே ஆண்களுக்குக் கட்டாயச் சேவைச் சட்டம் போட்டது. 1941 டிசம்பரில் திருமணமாகாத இருபது முதல் முப்பது வயதுப் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. ஜெர்மனி பிடித்துவந்த அந்நியர்களைக் கொண்டு தன் ஆலைகளை ஓட்டியது. அதற்கு அடிமைத்தனம் என்று நேரடியாகப் பெயர் சொல்லிவிடலாம்.

பிரிட்டனில் நடந்தது பேரம். உழை, ரேஷனில் சாப்பிடு, குண்டுமழையில் நனை, பதிலுக்கு நாளை உனக்கு மருத்துவம், ஓய்வூதியம், வேலையில்லாக் காலத்துக்குப் படி. 1942 டிசம்பரில் பெவரிட்ஜ் அறிக்கை வந்தபோது அதைக் காசு கொடுத்து வாங்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நம்மிடம் பேரம் பேச யாரும் வரவில்லை. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். எந்தச் சட்டசபையையும் கேட்கவில்லை. அக்டோபர் கடைசியில் ராஜாஜி மந்திரிசபை விலகியது. அதன் பிறகு 1946 வரை சென்னை மாகாணத்தில் கவர்னரும் அவருடைய ஆலோசகர்களும்தான் ஆட்சி. ஒரு முழு உலகப் போரை நம் ஜனங்கள் சட்டசபை இல்லாமலே கடந்தார்கள்.

அப்படியானால் திரட்டியது எப்படி? அவசரச் சட்டங்கள் இருந்தன. 1940-ல் போட்ட தேசியச் சேவைச் சட்டப்படி ஃபிட்டர், டர்னர் போன்ற தொழில்நுட்ப ஆட்களை அரசு தான் விரும்பிய ஆலைக்கு அனுப்பலாம். 1942 ஜனவரியில் வந்த இந்தியப் பாதுகாப்பு விதி 81-ஏ வேலை நிறுத்தங்களைக் கட்டிப்போட்டது. தாசில்தாரும் கர்ணமும் மணியக்காரரும் யுத்த நிதி வசூலித்தார்கள். மனமுவந்து என்று ரசீது சொல்லும். ஆனாலும் கொங்கு நாட்டை உண்மையில் திரட்டியது விலைவாசி. துணி விலை ஏறியது, நூல் விலை ஏறியது, கம்பும் சோளமும் ஏறின. அந்த ஏற்றத்தைத் துரத்திக்கொண்டு ஆலையும் ஆளும் ஓடினார்கள். துப்பாக்கி முனை பெரும்பாலும் தேவைப்படவில்லை.

ஆலைக்குள் நடந்ததைப் பார்க்கலாம். ஜப்பான் துணி நின்றது. லங்காஷயர் துணி வருவதும் ஏறக்குறைய நின்றது. பட்டாளத்துக்குக் காக்கித் துணி, கூடாரம், கொசுவலை, கட்டுத்துணி எல்லாவற்றுக்கும் நூல் வேண்டும். இந்திய ஆலைகள் 1943-44-ல் ஏறக்குறைய 480 கோடி கெஜம் துணி நெய்தன. அதுவரை அப்படி ஒரு அளவை அவை தொட்டதில்லை. கோவை ஆலைகள் பெரும்பாலும் நூற்பு ஆலைகள். வாரத்துக்கு 54 மணி நேரம் என்ற சட்ட வரம்பைப் போரைக் காட்டித் தளர்த்தினார்கள். ஷிப்டுக்குப் பின் ஷிப்டாகக் கதிர்கள் ஓடின. சிங்காநல்லூர், பீளமேடு, உப்பிலிபாளையம் வட்டாரத்தில் மில் சங்குதான் கடிகாரம். காட்டு வேலைக்காரர்கள் சைக்கிளிலும் நடையிலும் வந்து நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலையில் சோளக்காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போனார்கள். ரீலிங் பகுதியில் பெண்கள். விவசாயி என்றும் தொழிலாளி என்றும் இரண்டாகப் பிரிக்க முடியாத அந்த ஆள்தான் இன்றுவரை கொங்கு நாட்டின் முகம்; அந்த ஆளைப் பெரிய அளவில் செய்து முடித்தது போர்க்காலம் என்று சொன்னால் பொருளாதாரம் படித்தவர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும்.

எந்திரம் எங்கிருந்து வரும் என்பதுதான் கதையின் சுவாரசியமான இடம். நம் ஆலைகளில் ஓடிய ரிங் பிரேம்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் பிறந்தவை. ஓல்டாமில் இருந்த பிளாட் பிரதர்ஸ் போன்ற எந்திரக் கம்பெனிகள் போர்த் தளவாட வேலைக்குத் திரும்பிவிட்டன. புது எந்திரம் கிடையாது. தேய்ந்த பல்சக்கரத்துக்கு மாற்றுக்கூடக் கிடையாது. கிடைத்தாலும் கப்பலில் இடம் கிடையாது, கப்பல் கிளம்பினாலும் வந்து சேருமா என்பது ஜெர்மன் நீர்மூழ்கியின் கையில். எந்திரமோ இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது. அப்போது பட்டறைக்கு வந்தது வேலை.

உடைந்த பல்சக்கரம் ஒன்று பவுண்டரிக்கு வருகிறது. வரைபடம் இல்லை, அது ஓல்டாமில் யாரோ ஒருவரின் அலமாரியில் பத்திரமாக இருக்கும். உடைந்ததையே ஒட்டவைத்து மணலில் அழுத்தி அச்செடுத்தால் காரியம் கெட்டது. உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும், அடிக்கு அரைக்கால் அங்குலம் வீதம். வார்த்தெடுத்த சக்கரம் மூலத்தைவிடச் சின்னதாக வந்து எதோடும் பொருந்தாது. ஆகவே ஆசாரி சுருக்கத்தைக் கணக்கிட்டு மரத்தில் கொஞ்சம் பெரிதாகப் பேட்டர்ன் செதுக்குவார். கணக்கு அவர் தலையில். மோல்டர் கருமணலை ஈரம் பார்த்துப் பெட்டியில் இடித்து, பேட்டர்னை லேசாகத் தட்டி அசைத்து எடுப்பார். அந்தத் தட்டலில் ஒரு மயிரிழை கூடும், குறையும். இரும்புக்குப் பழைய சாமான், உலைக்கு வடக்கே இருந்து வர வேண்டிய கோக், அதற்கு ஒரு பெர்மிட். வார்த்த பிறகு லேத்தில் கடைந்து, பல்லுப் பல்லாக அரம் போட்டு, ஆலைக்குப் போய் மாட்டிப் பார்த்து, சத்தம் வந்தால் திரும்பக் கழற்றி எடுத்து வருவார்கள். வயதான மோல்டர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, “காயிதம் இருந்தாத்தான் செய்யோணும்னா எங்கப்பன் ஒண்ணுமே செஞ்சிருக்க மாட்டாருங்” என்றார்.

போருக்கு முன்பே இங்கே அடித்தளம் உண்டு. 1926-லேயே பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வந்துவிட்டது, 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். போர் செய்தது வேறொன்று. அந்நியச் சாமான் வராது என்ற நிலையை ஆறு வருஷம் நீட்டித்தது. எந்த வணிகக் கொள்கையும் தரத் துணியாத காப்புச் சுவர் அது. 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கியபோது நாயுடு அதன் தலைமையில் இருந்தார். ஆண்டுக்கணக்கில் படிக்க வைப்பது வீண், சில மாதங்களில் ஆளைத் தயார் செய்யலாம் என்று அரசாங்கத்தோடு சண்டை போட்டு வெளியேறினார். அந்த அவசரம் நாயுடுவின் சுபாவம் என்று எழுதுகிறார்கள். இருக்கலாம். உலகமெங்கும் ஓட்டல்காரனையும் பால்காரனையும் சில வாரங்களில் வெல்டர் ஆக்கிக்கொண்டிருந்த காலத்தின் சுபாவமும் அதுவே.

ஆலைக்கு வெளியே போர் வேறு உருவில் சுற்றியது. அதன் மிகச் சின்ன உருவம் ஓட்டைக் காலணா. செம்புத் தட்டுப்பாடு வந்ததும் 1943-லிருந்து காலணாவை நடுவில் பெரிய துளையோடு அச்சடித்தார்கள்; துளைத்த செம்பு தோட்டாவுக்கும் ஷெல்லுக்கும் மிச்சம். முன்பே, 1940-ல், வெள்ளி ரூபாயில் வெள்ளியைப் பாதியாக்கி, ஒரு ரூபாய்க்குக் காகித நோட்டும் விட்டிருந்தார்கள். கிராமத்துக் கிழவிகள் அந்தக் காகிதத்தை நம்பவில்லை. ஓட்டைக் காலணாவை மட்டும் பிடித்துப்போயிற்று. கயிற்றில் கோக்கலாம், குழந்தையின் அரைஞாணில் கட்டலாம், பட்டறையில் வாஷர் இல்லையென்றால் போல்ட்டுக்கு அடியில் போடலாம். மன்னரின் தலை அதில் இல்லை. துளை போன பிறகு தலைக்கு ஏது இடம்? கிரீடம் மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து கரி கேஸ் பஸ். பெட்ரோலைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. 1920-ல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் நாயுடு ஓட்டிய முதல் பஸ்ஸிலிருந்து இருபது வருஷத்தில் கொங்கு நாடு பஸ்ஸுக்குப் பழகிவிட்டிருந்தது, நிறுத்த முடியாது. பஸ்ஸின் பின்புறம் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் கரியைப் போட்டு, அரைகுறையாக எரித்து, வரும் புகையை வடிகட்டி எஞ்சினுக்கு விட்டார்கள். கிளீனருக்கு விடிகாலை நாலு மணிக்கு வேலை தொடங்கும். உருளைக்கு நெருப்பு வைத்து, ஊதுவிசிறியின் கைப்பிடியைத் தோள் கழலச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; வரும் வாயு தீக்குச்சியில் பற்றி நீல நிறமாக எரிந்தால்தான் டிரைவர் சீட்டில் உட்காருவார். பெட்ரோலில் கிடைக்கும் வேகத்தில் பாதிதான் கிடைக்கும். வழியில் நிறுத்திக் கம்பி விட்டுச் சாம்பல் கிளற வேண்டும். ஏற்றம் வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர், கொடுக்காத குழந்தை என்ற பேதம் அங்கே இல்லை. வெள்ளை வேட்டியோடு ஏறியவர் சாம்பல் நிறத்தில் இறங்குவார். அந்த வெள்ளை வேட்டிதான் கிடைக்கவில்லை என்பது அடுத்த விஷயம்.

பஞ்சாலை ஊரில் துணிப் பஞ்சம். 1943 நடுவில் துணி விலை போருக்கு முந்தைய விலையைப்போல நான்கைந்து மடங்குக்குப் போனது. அந்த ஜூனில் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆலை ஒவ்வொரு பீஸிலும் விலையையும் தயாரித்த மாதத்தையும் முத்திரையாகக் குத்த வேண்டும். இன்று சோப்புக் கட்டியில் அதிகபட்ச விலை பார்த்து வாங்குகிறோமே, அதன் மூதாதைகளில் அந்த முத்திரையும் ஒன்று. முத்திரை இருந்தது, துணி கடையின் பின்கட்டில் இருந்தது. பதுக்கல், பிளாக் எல்லாம் தமிழர் அன்றாடப் பேச்சில் ஊன்றிய காலம் அது. மிக மோசமாக அடிபட்டவர்கள் கைத்தறிக்காரர்கள். சென்னிமலையிலும் சிறுமுகையிலும் பவானியிலும் தறி இருந்தது, ஆள் இருந்தார், கண் எட்டும் தூரத்தில் நூற்பாலையின் புகைபோக்கி இருந்தது, நூல் மட்டும் கைக்கு வரவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தால் நூல் ஒதுக்கீடு கிடைக்கும் என்று நெசவாளர்கள் சங்கங்களில் சேர்ந்தார்கள். கைத்தறிக் கூட்டுறவின் வளர்ச்சிக்குக் கொள்கைப் பிடிப்பைவிட இந்த நூல் பசி அதிகம் உதவியது.

அரிசியும் அப்படியே. பர்மாவிலிருந்து ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வந்துகொண்டிருந்தது ரங்கூனோடு நின்றது. வங்காளத்தில் 1943-ல் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். கொங்கு நாட்டுக் கிராமம் அரிசியை நம்பி இல்லை, கம்பும் ராகியும் சோளமும்தான் சாப்பாடு. ஆனால் கூலி வாங்கிச் சாப்பிடும் ஆலைத் தொழிலாளிக்கு எல்லாமே கடையிலிருந்து வர வேண்டும். ரேஷன் அட்டை வந்தது. ஏற்றுமதிக்கும் போருக்கும் உழைக்கிற ஊர்களை முதலில் பட்டினியிலிருந்து காப்பது அதன் நோக்கம். தர்மசிந்தனை அதில் சொற்பம். 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாடுகளை நீக்கியதும், பிறகு அவை வேறு பெயரில் திரும்பி வந்ததும், இன்று தமிழ்நாட்டில் எவரும் கேட்டு வாங்கும் உரிமையாக ரேஷன் அரிசி நிற்பதும் நீண்ட கதை. அந்நிய அரசு தன் போருக்காக மாட்டிய கடிவாளத்தை ஜனங்கள் பிடுங்கித் தங்கள் கைக்கயிறாக்கிக்கொண்டார்கள். பஞ்சப்படியும் அதே வழியில் வந்ததுதான். எனக்கு இந்தப் போர்க்கதையில் மனதுக்குப் பிடித்த பகுதி இதுவே.

எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. 1942 ஆகஸ்டில் போத்தனூர்–சிங்காநல்லூர் இடையே சரக்கு ரயில் கவிழ்க்கப்பட்டது. ஆகஸ்ட் 26 இரவு, சுற்றுவட்டாரக் கிராமத்து ஆட்கள் சூலூரில் கட்டிக்கொண்டிருந்த ராணுவ விமான தளத்தில் புகுந்து கொட்டகைகளுக்கும் லாரிகளுக்கும் நெருப்பு வைத்தார்கள். பதிலுக்குப் போலீஸ் கிராமம் கிராமமாகப் புகுந்தது. கைது, அடி, கூட்டு அபராதம். தீ வைத்தவர்களில் தறி ஓட்டியவரும் மில்லுக்குப் போனவரும் காட்டு வேலை செய்தவரும் கலந்திருந்தார்கள். பகலில் போருக்கு நூல் நூற்று, இரவில் போரின் ஓடுதளத்தைக் கொளுத்திய கையும் அதில் இருந்திருக்கும் என்று எண்ண எனக்குத் தடையில்லை. ஐந்து வாரம் கழித்து, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மேற்கே, கருடா பணியில் சேர்ந்தது.

தொழிற்சங்கங்களின் நிலைமை இன்னும் சிக்கல். மில் தொழிலாளர் தலைவரும் 1937-ல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான என்.ஜி. ராமசாமி 1942-ல் சிறைக்குப் போனார், உடல் சீர்கெட்டு மறு ஆண்டே இறந்தார். முப்பது வயதுதான் தாண்டியிருந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு அது மக்கள் யுத்தம்; சோவியத் நாடு தாக்கப்பட்ட பிறகு உற்பத்தியை நிறுத்தக் கூடாது என்பது கட்சி நிலை. ஆகவே காங்கிரஸ்காரர் சிறையில், கம்யூனிஸ்ட் சங்க அலுவலகத்தில். அந்த மனக்கசப்பைக் கோவைத் தொழிற்சங்கங்கள் பல பத்தாண்டுகள் சுமந்தன. கட்சி நிலைப்பாடு ஆலைக்குள் இருந்த நிலைமையை மாற்றவுமில்லை. ஆலை அடியாள் என்று தொழிலாளர்கள் சொன்ன ஒருவரின் கொலை வழக்கில் சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு தொழிலாளர்களைப் போர் முடிந்து சில மாதங்களில், 1946 ஜனவரி 8 அன்று, கோவைச் சிறையில் ஒரே நாளில் தூக்கிலிட்டார்கள். பீளமேட்டுக் கப்பல் அன்றைக்கும் பணியில்தான் இருந்தது.

இத்தனையும் நடந்த காலத்தில் இங்கே என்ன எழுதினார்கள், என்ன படம் எடுத்தார்கள்? கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு வரம்பு போட்டது. மூன்றரை மணி நேரமும் ஐம்பது பாட்டுமாக இருந்த தமிழ்ப் படத்தைச் சுருக்கியது எந்த விமர்சகரும் இல்லை, இந்த ஆணைதான். கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்து 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ அந்த வரம்புக்குள் அடங்கியே மூன்று தீபாவளி கண்டது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் போர்ப் பிரச்சாரமாக ‘பர்மா ராணி’ எடுத்து ஜப்பானிய அதிகாரியாகத் தானே நடித்தார். எழுத்தில், கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-ல் வந்தது. அதில் போர் இல்லை; பங்காளிச் சொத்து, நிலம், ஒரு விதவையின் பிடிவாதம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பங்காளிச் சண்டையின் முன் சிங்கப்பூர் வீழ்ச்சி சின்ன விஷயமாக இருந்த ஊர்களை அந்த நாவல் சரியாகவே காட்டுகிறது. பிற்பாடு நூல் பஞ்சத்தைத் தொ.மு.சி. ரகுநாதன் ‘பஞ்சும் பசியும்’ நாவலில் எழுதினார், அது திருநெல்வேலிப் பக்கத்துத் தறி. போரின் தெருக்களைப் ப. சிங்காரம் எழுதினார், அவை மெதானும் பினாங்கும். சங்கு ஊதி இருபத்து நான்கு மணி நேரமும் ஓடிய போர்க்காலக் கோவையின் நாவல் என் வாசிப்பில் தட்டுப்படவில்லை.

கணக்கு மட்டும் எழுதப்பட்டது, லண்டனில். இந்தியாவிலிருந்து போருக்குப் போன துணி, தோல், மரம், இரும்பு, பட்டாளச் செலவு எல்லாவற்றுக்கும் பிரிட்டன் கொடுக்க வேண்டியதைப் பற்று வைத்தது. அந்தப் பற்றை ஆதாரமாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அடித்தது. புழக்கத்தில் இருந்த பணம் ஆறு மடங்குக்கு மேல் பெருகியது. கிழவிகள் அந்தக் காகிதத்தைச் சந்தேகித்ததில் தப்பில்லை. போருக்கு முன் பிரிட்டனுக்குக் கடன்பட்டிருந்த இந்தியாவுக்குப் போர் முடிந்தபோது பிரிட்டன் ஏறக்குறைய 130 கோடி பவுண்டு தர வேண்டியிருந்தது. பணக்காரக் கடனாளி, பட்டினி கிடந்த கடன்காரர்.

இந்தப் பற்றைப் பற்றிப் பேச 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸுக்குப் போன இந்தியக் குழுவில் கோவை வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். போரின் தொடக்க ஆண்டுகளில் கொச்சியில் திவான், பிறகு வாஷிங்டனில் இந்தியாவுக்கான கொள்முதல் குழுவின் தலைவர், சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதியவர். போர்க்காலப் பற்றுகளையும் புதிய சர்வதேச நிதியத்தின் பொறுப்பில் சேருங்கள் என்று இந்தியக் குழு வாதாடியது. பிரிட்டிஷ் குழுவின் தலைவர் கெய்ன்ஸ் மறுத்தார், அது எங்களுக்கும் எங்கள் கடன்காரர்களுக்கும் இடையே உள்ள விவகாரம் என்றார்.

அந்த இரண்டு பேருக்கும் இடையே உள்ள விவகாரமாக அது 1948 ஜூலையில் லண்டனில் பேசி முடிக்கப்பட்டபோது இந்தியத் தரப்பின் தலைவர் அதே சண்முகம் செட்டியார், இப்போது சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். பற்றிலிருந்து பத்துக் கோடி பவுண்டை, பிரிட்டிஷ் பட்டாளம் இங்கே விட்டுப்போன தளவாடங்களின் விலையாகக் கழித்துக்கொண்டார்கள். ஊருக்குத் திரும்பிய வெள்ளை அதிகாரிகளின் பென்ஷனுக்கு இன்னொரு பெரிய தொகை போயிற்று. வேட்டி கிடைக்காமல் இருந்த வருஷங்களில் நூற்ற நூலின் விலையில் ஒரு பகுதி இப்படிப் பழைய லாரியாகவும் டயராகவும் ஓய்வூதியமாகவும் மாறியது. லாரிகளை ஏலத்தில் எடுத்தவர்கள் மரக் கூண்டு கட்டிப் பஸ்ஸாக ஓட்டினார்கள். கழித்துப் போட்ட லேத்துகளைப் பட்டறைக்காரர்கள் வாங்கினார்கள்.

அடுத்த மாதமே செட்டியார் பதவி விலகினார். பற்றுக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போர்க்காலத்தில் ஆலைகளும் வியாபாரிகளும் அள்ளிய லாபத்துக்கு மூன்றில் இரண்டு பங்குவரை மிகைலாப வரி இருந்தது; வரி கட்டாமல் மறைத்த வருமானத்தைத் தோண்டி எடுக்க 1947-ல் ஒரு விசாரணை ஆணையம் அமைத்திருந்தார்கள். அந்த ஆணையத்துக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்களை நிதியமைச்சகம் விலக்கிக்கொண்டது பாராளுமன்றத்தில் பிரச்சினையானது. பொறுப்பை ஏற்றுக்கொண்டு செட்டியார் கோவைக்குத் திரும்பினார்.